பொது மருத்துவ நிலையங்களில் மனநோயைக் கண்டறிதல்

ஐதராபாத் மாநகரின் வடபகுதியில், செகந்தராபாத் கன்டோன்மெண்டைச் சார்ந்து அமைந்துள்ளது திருமுல்கேரி. ராணுவ மருத்துவமனை அங்கு உண்டு. சுற்றுப்புறத்தில் சிறிய மருத்துவ நிலையங்கள் பலவும் உள்ளன. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேகம்பேட்டையில்தான், 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்ட் ராஸ் நுண்ணோக்கி வழியாகக் கண்டார். காய்ச்சலுடன் வரும் நோயாளியின் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்து மலேரியா உண்டா, இல்லையா என்று கூறுவது இன்று சாதாரண நிகழ்ச்சியாகிவிட்டது.

ஆனால் அதே மருத்துவ நிலையத்தின் வரிசையில் தலைவலி என்றும், நெஞ்சுப் படபடப்பு என்றும், கைகால் அசதி என்றும், உறக்கமில்லை என்றும் கூறிக்கொண்டு நிற்பவர்களில் சிலருக்கு உள்ள நோயை எந்த நுண்ணோக்கியும் காட்டாது. இரத்தப் பரிசோதனையில் குறையில்லை. இதயமின் வரைபடத்திலும் குறையில்லை. சத்து மாத்திரைகளுடன் வீடு திரும்பும் அந்நோயாளி இரண்டு வாரங்களில் மீண்டும் வருகிறார். பிறகு வேறொரு மருத்துவரை நாடுகிறார். அவருடைய நோய் மனச்சோர்வாகவோ மனப்பதற்றமாகவோ இருக்கக்கூடும் என்ற எண்ணம் யாருக்கும் எழாமலே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. இத்தகையோரைப் பொது மருத்துவ நிலையத்திலேயே இனங்காண வழி உண்டா? உண்டெனில் அதன் பயன் என்ன, வரம்பு என்ன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொது மருத்துவ நிலையம் ஏன்?

மனநோய் என்றவுடன் மனநல மருத்துவமனையே பலரின் நினைவுக்கு வருகிறது. ஐதராபாத்வாசிகளுக்கு எர்ரகட்டா என்ற ஊர்ப்பெயரும், சென்னைவாசிகளுக்குக் கீழ்ப்பாக்கம் என்ற பெயரும் அவ்வாறே பொருள்படுகின்றன. ஆனால் மனத்துயரால் வாடுவோரில் மிகப் பெரும்பாலோர் அவ்வாயில்களை மிதிப்பதே இல்லை. அவர்கள் முதலில் நாடுவது தெருமுனை மருத்துவரை, ஆரம்ப சுகாதார நிலையத்தை, அல்லது பெரிய மருத்துவமனையின் பொதுப் புறநோயாளிப் பிரிவைத்தான்.

2015-16ஆம் ஆண்டுகளில் பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்ததை அது தெரிவித்தது. தெளிவாகப் புலப்படும் கடுமையான மனநோய் உடையோரில் 73.6 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை. மனச்சோர்வு, மனப்பதற்றம் முதலிய பரவலான கோளாறுகள் உடையோரில் சிகிச்சை பெறாதோர் 85 சதவீதமாகும். நோய் மென்மையாகத் தோன்றுமிடத்தில்தான் புறக்கணிப்பு மிகுதி என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இங்கிலாந்தில் டேவிட் கோல்ட்பர்க், பீட்டர் ஹக்ஸ்லி ஆகிய இருவரும் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்நிலையை ஒரு மாதிரியாக வகுத்துக் காட்டினர். சமூகத்தில் உள்ள நோயாளி மனநல மருத்துவமனையின் படுக்கையை அடையும்வரை நான்கு சல்லடைகளைக் கடக்க வேண்டியுள்ளது என்பது அவர்கள் கருத்து. நோயாளி மருத்துவரிடம் செல்லத் தீர்மானிப்பது முதலாவது. அம்மருத்துவர் நோயை இனங்காண்பது இரண்டாவது. வல்லுநரிடம் அவர் அனுப்பிவைப்பது மூன்றாவது. வல்லுநர் உள்நோயாளியாகச் சேர்ப்பது நான்காவது. நோயாளி மருத்துவர் முன்னர் வந்து அமர்ந்த பின்னரும் இனங்காணப்படாமல் போவது இரண்டாம் சல்லடையில்தான். சுகாதாரத் துறை எளிதில் திருத்தக்கூடிய குறையும் அதுவேயாகும்.

ராய்ப்பூர் ராணியின் படிப்பினை

இக்குறை எவ்வளவு பெரிது என்பதை அளந்து காட்டிய முயற்சிகளுள் ஒன்றில் இந்தியாவுக்குச் சிறப்பான பங்கு உண்டு. 1975ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சியடைந்துவரும் நாடுகளுக்கான ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் என். என். விக் குழுவினர், ஹரியானா மாநிலத்தின் ராய்ப்பூர் ராணி வட்டாரத்தில் இதனை மேற்கொண்டனர். அதே காலத்தில் நிம்ஹான்ஸ் நிறுவனமும் பெங்களூரை அடுத்த சகலவாராவில் கிராமப்புற மனநல சேவையைத் தொடங்கியிருந்தது.

இந்தியா, கொலம்பியா, சூடான், பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு நாடுகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 1,624 நோயாளிகள் இரு கட்டங்களில் பரிசோதிக்கப்பட்டனர். முதற்கட்டத்தில் எளிய வினாப்பட்டியல். இரண்டாம் கட்டத்தில் மனநல வல்லுநரின் முறையான நேர்காணல். 225 பேருக்கு, அதாவது 13.9 சதவீதத்தினருக்கு, மனநலக் கோளாறு இருந்தது உறுதியாயிற்று. இவர்களில் மிகப் பெரும்பாலோர் உடல் உபாதைகளையே கூறிக்கொண்டு வந்தவர்கள். அங்குப் பணியாற்றிய சுகாதார ஊழியர்கள் தம் வழக்கமான முறையில் இனங்கண்டிருந்ததோ மூன்றில் ஒரு பங்கினரை மட்டுமே. 1980ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, மனநல சேவையை ஆரம்ப சுகாதார நிலையங்களுடன் இணைக்க வேண்டும் என்ற வாதத்திற்கு வலுவூட்டியது. 1982ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய சுகாதாரக் குழு தேசிய மனநலத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

வினாப்பட்டியல்கள்

மேற்கூறிய ஆய்வின் முதற்கட்டத்திற்கென உருவாக்கப்பட்டதே தன்னறிக்கை வினாப்பட்டியல். இதில் 'ஆம்', 'இல்லை' என்ற விடைகளை மட்டுமே வேண்டும் 24 வினாக்கள் இருந்தன. தலைவலி, பசியின்மை, உறக்கக் குறைவு, கைநடுக்கம், எளிதில் அஞ்சுதல், முடிவெடுக்க இயலாமை, அன்றாட வேலையில் நாட்டமின்மை, வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் போன்றவை பற்றியன 20. பிறர் தமக்குத் தீங்கு செய்ய முயல்வதாக எண்ணுதல், பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்டல் போன்ற கடுமையான மனநோய்க் குறிகளைப் பற்றியன எஞ்சிய நான்கு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஊழியர் வினாக்களைப் படித்துக்காட்டி விடைகளைக் குறித்துக்கொள்ளலாம்.

இதற்கு முன்னரே, 1972ஆம் ஆண்டில், கோல்ட்பர்க் பொது உடல்நல வினாப்பட்டியலை வெளியிட்டிருந்தார். அதன் முழு வடிவில் 60 வினாக்கள் உண்டு. 12 வினாக்கள் கொண்ட சுருக்க வடிவமே இன்று பெரிதும் கையாளப்படுகிறது. 1987ஆம் ஆண்டில் பிரசவித்த தாய்மார்களுக்கென எடின்பரோ அளவுகோல் வெளிவந்தது. 2001ஆம் ஆண்டில் மனச்சோர்வை மட்டும் அளக்கும் ஒன்பது வினாப் பட்டியல் அறிமுகமாயிற்று. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு குறியும் எத்தனை நாள் இருந்தது என்பதற்கேற்ப அதில் 0 முதல் 27 வரை மதிப்பெண் இடப்படுகிறது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண் மேலும் ஆராயத்தக்கது எனக் கொள்ளப்படுகிறது. அதன் முதல் இரண்டு வினாக்கள், அதாவது எதிலும் நாட்டமின்மையும் மனம் தளர்ந்திருத்தலும், தனியே இரண்டு வினாப் பட்டியலாகவும் வழங்குகின்றன. நமது நாட்டில் ஆஷா பணியாளர்கள் நிரப்பும் சமூக மதிப்பீட்டுப் படிவத்திலும் இவ்விரண்டு வினாக்கள் சேர்க்கப்பட்டுள்ளன.

சல்லடைக் கணக்கு

வினாப்பட்டியல் ஒரு சல்லடையே தவிர, தீர்ப்பன்று. இவ்வேறுபாட்டை மாணவர்களும் அதிகாரிகளும் தெளிவாக உணர்தல் அவசியம். ஒரு கணக்கின் மூலம் இதனை விளக்கலாம்.

ஒரு பொது மருத்துவ நிலையத்திற்கு வரும் 1,000 பேரில் 150 பேருக்கு உண்மையிலேயே மனநலக் கோளாறு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோயுள்ளவர்களில் 80 சதவீதத்தினரை 'ஐயத்திற்குரியவர்' என்றும், நோயற்றவர்களில் 80 சதவீதத்தினரை 'ஐயமற்றவர்' என்றும் சரியாகப் பிரிக்கும் ஒரு வினாப்பட்டியலை நாம் கையாளுகிறோம். நோயுள்ள 150 பேரில் 120 பேர் பிடிபடுவர்; 30 பேர் தப்பிவிடுவர். நோயற்ற 850 பேரில் 170 பேர் தவறாக ஐயப்பட்டியலில் சேர்வர். ஆக ஐயப்பட்டியலில் இருப்போர் 290 பேர். இவர்களில் உண்மை நோயாளிகள் 120 பேர், அதாவது சுமார் 41 சதவீதம்.

அதே வினாப்பட்டியலை வீடுவீடாகச் சென்று, 1,000 பேரில் 50 பேருக்கு மட்டுமே நோயுள்ள ஒரு குடியிருப்பில் கையாண்டால் என்னவாகும்? நோயுள்ளவர்களில் 40 பேர் பிடிபடுவர். நோயற்ற 950 பேரில் 190 பேர் தவறாகச் சேர்வர். ஐயப்பட்டியலின் 230 பேரில் உண்மை நோயாளிகள் சுமார் 17 சதவீதத்தினர் மட்டுமே.

இக்கணக்கிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, நோயாளிகள் மிகுந்து கூடும் மருத்துவ நிலையமே தெருவைவிடச் சல்லடைக்கு ஏற்ற இடம். இரண்டாவதாக, ஐயப்பட்டியலில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நோயற்றவராக இருக்கலாமாதலால், மருத்துவர் நேரில் விசாரிக்காமல் எவருக்கும் மருந்தோ நோய்ப்பெயரோ தருதல் தவறாகும். மூன்றாவதாக, அந்த 290 பேரையும் விசாரிக்கப் போதிய மருத்துவர் நேரம் இல்லாத இடத்தில் சல்லடையைத் தொடங்குவதில் பொருளில்லை. நோயைத் தேடிக் கண்டறியும் எத்திட்டத்திற்கும் ஏற்ற சிகிச்சையும் அதனை அளிக்கும் வசதியும் இருத்தல் வேண்டும் என்று 1968ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்திற்காக வில்சன், யுங்னர் ஆகியோர் வகுத்தளித்த நெறிகளும் இதனையே வலியுறுத்துகின்றன.

யாரைக் கேட்பது?

நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் வந்து செல்லும் புறநோயாளிப் பிரிவில் அனைவரையும் வினவுதல் இயலாது. கூடுதல் வாய்ப்புள்ள பிரிவினரிடமிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு உகந்தது. காரணம் புலப்படாத பல உபாதைகளுடன் திரும்பத் திரும்ப வருபவர்கள், நீரிழிவு, காசம், இதயநோய் போன்ற நெடுநாள் நோயுடையவர்கள், மிகுதியாகக் குடிப்பவர்கள், அண்மையில் இழப்பு நேர்ந்தவர்கள், கர்ப்பிணிகள், பிரசவித்த தாய்மார்கள் ஆகியோர் இப்பிரிவினர். வேலூரை அடுத்த கிராமப்புறத் தாய்மார்களிடையே நடத்தப்பெற்று 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், மகப்பேற்றுக்குப் பின் 11 சதவீதத்தினருக்குப் புதிதாக மனச்சோர்வு தோன்றியது தெரியவந்தது. தடுப்பூசிக்காகக் குழந்தையுடன் வரும் நாளில் தாயிடமும் சில வினாக்களைக் கேட்பது கூடுதல் செலவில்லாத செயலாகும்.

எவ்வாறு கேட்பது?

திருமுல்கேரி போன்ற ஓரிடத்தில் தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் பேசுவோர் ஒரே வரிசையில் நிற்பர். ஒரு மொழியில் ஆக்கப்பட்ட வினாவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் மாறிவிடும். தமிழில் 'சோர்வு' என்று கேட்டால் பலர் உடற்களைப்பையே எண்ணுவர், 'மனது விட்டுப்போயிற்றா?' என்று கேட்டால்தான் உட்பொருள் விளங்கும். ஆகவே வினாப்பட்டியலை மொழிபெயர்த்தபின், மூலத்தை அறியாத வேறொருவரைக் கொண்டு மீண்டும் மூலமொழிக்கு மாற்றி ஒப்பிட்டுப் பார்ப்பதும், அம்மொழி பேசும் நோயாளிகளிடம் பரீட்சித்து மதிப்பெண் எல்லையைப் புதிதாக வரையறுப்பதும் இன்றியமையாதன.

கேட்கும் முறையும் முக்கியமானது. "உங்களுக்கு மனநோய் உண்டா?" என்ற கேள்விக்கு எவரும் ஆம் என்று விடையளிப்பதில்லை. நோயாளி கூறும் உபாதையிலிருந்தே தொடங்குதல் நன்று. "அம்மா, இந்தத் தலைவலியால் இரவில் உறக்கம் கெடுகிறதா? வீட்டு வேலையில் முன்போல் மனம் ஈடுபடுகிறதா?" என்று செவிலியர் வினவினால் பேச்சு இயல்பாகத் தொடரும். திரைக்குப் பின்னரோ தனி அறையிலோ, உடன் வந்த உறவினரைச் சற்று வெளியே இருக்கச் செய்து வினவ வேண்டும். மாமியார் அருகிலிருக்க மருமகளோ, மேலதிகாரி அருகிலிருக்கப் படைவீரரோ மனந்திறந்து பேச மாட்டார்.

தற்கொலை எண்ணம் பற்றிய வினாவைக் கேட்க ஊழியர்கள் தயங்குவதுண்டு. கேட்பதனாலேயே அவ்வெண்ணம் எழுந்துவிடும் என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை. மாறாக, கேட்கப்பட்டதே பலருக்கு ஆறுதலளிக்கிறது. இவ்வினாவுக்கு 'ஆம்' என்ற விடை வந்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருப்பினும், அன்றே மருத்துவர் நேரில் பார்த்தல் வேண்டும். நோயாளியைத் தனியே விட்டுவிடுதல் கூடாது.

கண்டறிந்த பின்னர்

ஐயத்திற்குரியவரை மருத்துவர் பார்க்கும்போது முதலில் உடல்நோய்களை விலக்க வேண்டும். இரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கக் கூடும். சில மருந்துகளும் அவ்வாறே. பிறகு துயரத்தின் அளவு, காலம், அன்றாட வாழ்வு எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளது என்பவற்றை விசாரித்து முடிவு செய்ய வேண்டும். இயல்பான துக்கத்தை நோயாக்கிவிடலாகாது.

கண்டறிந்தவர்களுக்கு அதே நிலையத்தில் சிகிச்சையளிக்க இயலும் என்பதைப் பெல்லாரி மாவட்டம் காட்டியது. 1985ஆம் ஆண்டு முதல் 1990 வரை நிம்ஹான்ஸ் அங்கு நடத்திய முன்னோடித் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களும் ஊழியர்களும் பயிற்சி பெற்றனர். மனநோய்க்கும் வலிப்பு நோய்க்கும் உரிய ஆறு இன்றியமையாத மருந்துகள் நிலையங்களுக்கு வழங்கப்பட்டன. எளிய பதிவேடுகளும் மாதாந்திர ஆய்வும் ஏற்பாடாயின. இதனையே மாதிரியாகக் கொண்டு 1996ஆம் ஆண்டில் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் ஐதராபாத்தை அடுத்த மேடக்கும், தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியும் அவற்றுள் அடங்கும்.

மருத்துவரின் நேரம் போதாத இடத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் துணைநிற்க முடியும் என்பதற்குக் கோவா சான்று. 12 அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 12 தனியார் மருத்துவர்களிடத்திலும் நடைபெற்று 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 12 வினாப் பட்டியல் மூலம் இனங்காணப்பட்டோருக்கு உள்ளூர் ஆலோசகர்கள் ஆறுதலும் அறிவுரையும் தொடர்கவனிப்பும் அளித்தனர். அரசு நிலையங்களில் நோய் உறுதியானோரில் ஆறு மாதங்களில் குணமடைந்தோர் 65.9 சதவீதம், இந்த ஏற்பாடு இல்லாத அரசு நிலையங்களில் 42.5 சதவீதம். தனியார் மருத்துவர்களிடத்தில் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. இடத்திற்கேற்பப் பயன் மாறுபடும் என்பதையும் இதனால் அறிகிறோம்.

எச்சரிக்கை

சல்லடையின் வெற்றியை, கண்டறியப்பட்டோரின் எண்ணிக்கையால் அளப்பது பெருந்தவறு. ஆந்திரப் பிரதேசத்தின் மேற்கு கோதாவரி மாவட்டப் பழங்குடிக் கிராமங்கள் 30இல் ஆஷா பணியாளர்கள் கைக்கணினி கொண்டு 5,007 பேரைப் பரிசோதித்த முயற்சி 2017ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில் விவரிக்கப்பட்டுள்ளது. ஐயத்திற்குரியவர் 238 பேர். இவர்களில் முன்னர் மனநல சேவையை நாடியிருந்தோர் இருவர் மட்டுமே. திட்டத்தின்போது மருத்துவரிடம் சென்றோர் 30 பேர், அதாவது 12.6 சதவீதத்தினர். இருவர் முப்பதாக உயர்ந்தது பாராட்டத்தக்க முன்னேற்றமே. எனினும் எஞ்சிய 208 பேரும் கண்டறியப்பட்டும் மருத்துவர் முன்னர் அமரவில்லை. தொலைவு, கூலியிழப்பு, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுதல், 'இதற்கெல்லாம் மருந்து உண்டா?' என்ற அவநம்பிக்கை ஆகியவை நம் கிராமங்களில் வழிமறித்து நிற்கும் தடைகள். வினாப்பட்டியல் இவற்றை நீக்காது. தொடர்ந்து சென்று பார்க்கும் ஊழியரே நீக்க முடியும்.

மற்றொரு தீங்கும் உண்டு. மனநோய் என்ற சொல் ஒருவரின் சீட்டில் ஏறிவிட்டால், அவருடைய வேலையையும் திருமணத்தையும் அது பாதிக்கக்கூடும். 2018ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தம் மனநோய் பற்றிய விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை நோயாளிக்கு வழங்குகிறது. நிரப்பப்பட்ட வினாப்பட்டியலை மேசைமீது திறந்தபடி போட்டு வைப்பது அவ்வுரிமைக்கு முரணானது என்பதை நிலைய அலுவலர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

முடிவு

பொது மருத்துவ நிலையத்தில் மனநோயைக் கண்டறிவதற்கான கருவிகள் நம்மிடம் அரை நூற்றாண்டாக உள்ளன. ஐதராபாத் நகரில் 2018ஆம் ஆண்டு முதல் இயங்கும் பஸ்தி தவாகானாக்கள் போன்ற சிறு நிலையங்கள் மக்களின் வாசலருகிலேயே உள்ளன. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்ற தொலைபேசி எண்ணில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் கிடைக்கிறது. எஞ்சியிருப்பது இவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் பணியேயாகும்.

ஒரு நிலையம் இப்பணியைத் தொடங்குமுன் நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டும். தனிமையில் கேட்க ஓரிடம் உண்டா? ஐயத்திற்குரியவரை அன்றே பார்க்க மருத்துவர் உண்டா? மருந்து இருப்பில் உண்டா? வராதவரைத் தேடிச்செல்ல ஊழியர் உண்டா? நான்கிற்கும் 'ஆம்' என்று கூறக்கூடிய நிலையத்தில் சல்லடை பயன் தரும். அவ்வாறு கூற இயலாத நிலையத்தில் முதலில் நிறைவு செய்ய வேண்டியவை அந்நான்குமே. தலைவலி என்று கூறி ஐந்தாம் முறையாக வரிசையில் நிற்பவருக்கு வேண்டுவது மற்றொரு மாத்திரைச் சீட்டு அன்று. சரியான வினாவும், அதன் விடையைக் கேட்டபின் கைவிடாத ஒரு மருத்துவ நிலையமுமே அவருக்கு வேண்டுவனவாகும்.